கருப்புப் புலி ஏன் கருப்பாச்சு? மனுஷன் நெருக்க நெருக்க வேட்டை விலங்கோட உடம்பு மாறுற கதை

எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல மாமா ஒரு போட்டோ போட்டாரு. ஒடிசாவுல சிமிலிபால் காட்டுல கேமரா டிராப்ல விழுந்த புலி. முதுகெல்லாம் தாரு பூசின மாதிரி கருப்பு, விலாவுலயும் காலுலயும் மட்டும் அங்கங்க ஆரஞ்சு கீத்து கீத்தா தெரியுது. கீழ எனக்குன்னே ரெண்டு கேள்வி கேட்டிருந்தாரு. "மாப்ள, இது புலிக்கும் கருஞ்சிறுத்தைக்கும் பொறந்ததா? இல்ல இருட்டுக் காட்டுல ஒளிஞ்சு வேட்டையாட தோதா கருப்பா மாறிக்கிச்சா?"

குரூப்ல ரெண்டு வரில பதில் போட்டுட்டு விட்டிருக்கலாம், ஆனா அந்த ரெண்டாவது கேள்வி நிறைய பேருக்கு இருக்கிற கேள்வி. ஒரு விலங்கோட உடம்பு மாறியிருக்குன்னா அது ஏதோ நல்லதுக்குத்தான் மாறியிருக்கும், சூழலுக்கு ஏத்த மாதிரி தன்னைத் தயார் பண்ணிக்கிச்சுன்னு நாம ஸ்கூல்ல படிச்சது மனசுல அப்படியே நின்னுடுச்சு. சில இடத்துல அது உண்மைதான். ஆனா மனுஷன் நெருக்குற இடத்துல உடம்பு மாறுறதுக்கு வேற வேற வழி இருக்கு, அதுல சிலது அந்த விலங்குக்கு நல்லது, சிலது சும்மா நடந்தது, சிலது நோவு. எது எதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சுட்டா இந்த விஷயத்துல பாதி புரிஞ்ச மாதிரி.

முதல்ல மாமாவோட புலி. அதுல சிறுத்தை ரத்தம் ஒரு சொட்டு கூட கிடையாது, முழுக்க முழுக்க புலி. கருஞ்சிறுத்தைன்னா, நீலகிரி, கபினி பக்கம் போட்டோக்காரங்க நாள் கணக்கா தவம் கிடந்து எடுக்கிறாங்களே அது, அதுக்கு உடம்பு பூரா கருப்பு நிறமி கூடிப்போயிருக்கும், வெயில் சாய்வா பட்டா உள்ளுக்குள்ள புள்ளி தெரியும். சிமிலிபால் புலில நிறமி கூடல. கோடுதான் தடிச்சுப்போச்சு. ஒவ்வொரு கருப்புக் கோடும் அகலமாகி பக்கத்துக் கோட்டோட போய் ஒட்டிக்கிச்சு, நடுவுல இருந்த ஆரஞ்சு சுருங்கிப்போச்சு, அதனால தூரத்துல இருந்து பாத்தா கருப்புப் புலி.

இதைப் பக்கத்துல வச்சுப் பாக்கணும்னா தெருவுல போற சாம்பல் வரிப்பூனையைப் பாருங்க. நம்ம ஊர் வரிப்பூனைக்கு விலாவுல மெல்லிசா, மீன் முள்ளு மாதிரி இணை இணையா கோடு ஓடும். வெளிநாட்டு வீடியோவுல வர்ற சில பூனைக்கு அந்தக் கோடு இருக்காது, அதுக்குப் பதிலா பட்டையா, சுழிச்சு சுழிச்சு, மாவுல விரலை விட்டுக் கலக்கின மாதிரி திட்டு திட்டா இருக்கும். இந்த ரெண்டு பூனைக்கும் வித்தியாசம் ஒரே ஒரு ஜீன், டாக்பெப்னு பேரு. ஆப்பிரிக்காவுல கிங் சீட்டான்னு ஒண்ணு இருக்கு, சீட்டாவோட புள்ளி எல்லாம் ஒண்ணு சேர்ந்து முதுகுல பட்டையா ஓடும், அதுக்கும் காரணம் இதே ஜீன். பெங்களூருல என்.சி.பி.எஸ்-ங்கற உயிரியல் ஆராய்ச்சி நிலையத்துல உமா ராமகிருஷ்ணன் குழு 2021-ல பப்ளிஷ் பண்ண ஆய்வுல, சிமிலிபால் புலிக்கும் இதே டாக்பெப்லதான் மாத்தம்னு கண்டுபிடிச்சாங்க. ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு, அதனால அந்த ஜீன் செய்யுற புரோட்டீன்ல ஒரு இடத்துல ஹிஸ்டிடின்ங்கற அமினோ அமிலம் வர வேண்டியதுக்குப் பதிலா டைரோசின்ங்கற வேற ஒண்ணு வந்துடுச்சு, அவ்வளவுதான். அம்மா ஒரு காப்பி, அப்பா ஒரு காப்பி, ரெண்டும் மாறினதா வந்தாத்தான் குட்டி கருப்பா பொறக்கும். ஒண்ணு மட்டும் வந்தா சாதாரண ஆரஞ்சுப் புலி, உள்ளுக்குள்ள அந்த எழுத்தைச் சுமந்துக்கிட்டு திரியும். இந்த கடைசி விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

ஆய்வு எப்படிப் பண்ணாங்கன்னும் சொல்லணும், ஏன்னா காட்டுப் புலிகிட்ட போய் ஊசி போட்டு ரத்தம் எடுக்க முடியாது. கூண்டுல இருக்கிற கருப்புப் புலிங்க நந்தன்கானன், ராஞ்சி, நம்ம வண்டலூர்னு சில பூங்காவுல மட்டும் இருந்துச்சு, அதுங்க வம்சத்தை எல்லாம் பின்னாடி தேடிப் போனா சிமிலிபால்ல பிடிச்ச புலிகிட்ட போய் நிக்கும். அந்தக் குடும்பங்களை வச்சு ஜீனைக் கண்டுபிடிச்சாங்க. அப்புறம் காட்டுக்குப் போய் பாதையில கிடக்கிற புலி எச்சம், மரத்துல உரசி ஒட்டின முடி, இதுல இருந்து டிஎன்ஏ எடுத்து எத்தனை புலிகிட்ட அந்த எழுத்து மாறியிருக்குன்னு பாத்தாங்க. மத்த காட்டுப் புலிகள்ல இது அகப்படவே இல்ல. சிமிலிபால்ல மட்டும், புலிங்ககிட்ட இருக்கிற அந்த ஜீன் காப்பிங்கள்ல பாதிக்கு மேல மாறினது. அந்தக் காட்டுல மூணுல ஒரு புலிக்கு மேல கருப்பு.

ஏன் அங்க மட்டும்? இங்கதான் மனுஷன் வர்றான்.

சிமிலிபால் இப்போ ஒரு தீவு. தண்ணி சூழ்ந்த தீவு இல்ல, ஊரும் வயலும் சுரங்கமும் ரோடும் ரயிலும் சூழ்ந்த தீவு. புலி தலைமுறை தலைமுறையா வாழ்ந்து குட்டி போடுற அடுத்த காடு சுமார் 800 கிலோமீட்டர் தள்ளி இருக்கு. நம்ம சென்னையில இருந்து கன்னியாகுமரியே 700 கிலோமீட்டர்தான். ஒரு காலத்துல இந்தப் பகுதி முழுக்க காடு தொடர்ச்சியா இருந்துச்சு, இளம் ஆண் புலி வயசுக்கு வந்ததும் அம்மாவை விட்டு நடையைக் கட்டும், எங்கயோ போய் வேற ரத்தத்தோட சேரும். காட்டை வெட்டினோம், புலியைச் சுட்டோம், நடுவுல இருந்த வழி அடைஞ்சுபோச்சு, சிமிலிபால்ல ஒரு சின்னக் கூட்டம் மட்டும் மிஞ்சிச்சு.

சின்னக் கூட்டத்துல என்ன ஆகும்? ஒரு கிராமத்தை நினைச்சுக்கோங்க. பத்து குடும்பம், அதுல ரெண்டு குடும்பத்துக்கு மட்டும் சுடலைன்னு பேர் வைக்கிற வழக்கம். மழை பொய்ச்சு மத்த குடும்பம் எல்லாம் ஒண்ணொண்ணா திருப்பூருக்குப் பிழைக்கப் போயிட்டாங்க, இந்த ரெண்டு குடும்பமும் இன்னும் ஒண்ணு ரெண்டும் மட்டும் ஊரோட தங்கிட்டாங்க, அவங்களுக்குப் பிள்ளைங்களும் நிறைய. மூணாவது தலைமுறையில ஊருக்குள்ள போய் "சுடலை"ன்னு கூப்பிட்டா பாதிப் பேரு திரும்பிப் பாப்பான். சுடலைங்கற பேரு அந்த மண்ணுக்கு ரொம்பப் பொருத்தம்கிறதாலயா அப்படி ஆச்சு? தங்கினது யாரு, கிளம்பினது யாருங்கிற தற்செயல்தான். இதே மாதிரி, மிஞ்சின கொஞ்சப் புலிங்கள்ல சிலதுகிட்ட அந்த மாறின ஜீன் இருந்திருக்கு, வெளிய இருந்து வேற ஜீன் வந்து கலக்க வழியில்ல, அது பெருகிடுச்சு. இதுக்கு ஜெனடிக் டிரிஃப்ட்னு பேரு. மரபணு காத்துல அடிச்சுட்டுப் போற மாதிரி ஒரு பக்கமா ஒதுங்குறது.

கருப்புத் தோல் அடர்ந்த காட்டுல கொஞ்சம் உதவியும் பண்ணியிருக்கலாம், அதை முழுசா இல்லைன்னு தள்ள முடியாது. ஆனா இவ்வளவு சின்னக் கூட்டம், இவ்வளவு தனிமை, இது ரெண்டே போதும் இந்த நிலைமைக்கு. அதனால மாமா, அந்தக் கருப்பை நான் அதிசயமா பாக்கல. எனக்கு அது ஒரு அடைஞ்ச வழியோட அடையாளமாத்தான் தெரியுது.

கருப்புத் தோலால புலிக்கு வலி எதுவும் இல்ல. ஆனா இதே தனிமை வேற இடத்துல எப்படிப் போகும்னு பாக்கணும்னா அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுக்குப் போகணும். அங்க பேந்தர்னு சொல்றது உண்மையில பூமா, அமெரிக்கக் கண்டத்துல வாழ்ற ஒரு பெரிய காட்டுப்பூனை. ஒரு காலத்துல தென்கிழக்கு அமெரிக்கா முழுக்க இருந்துச்சு, ஆடு மாடு அடிக்குதுன்னு சுட்டுத் தள்ளி, காட்டையும் அழிச்சு, கடைசியில ஃப்ளோரிடாவோட தெற்கு ஓரத்துச் சதுப்புல மட்டும் மிஞ்சிச்சு. 1990-கள் ஆரம்பத்துல 20, 30 பூமாதான். அந்தப் பூமாவைப் பிடிச்சு ரேடியோ காலர் மாட்டினவங்க பாத்தது, வாலோட நுனில எலும்பு மடங்கி, கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு. கழுத்துக்குப் பின்னாடி முதுகுல முடி எதிர்ப்பக்கமா சுழிச்சிருக்கு. சில ஆணுக்கு விதை கீழ இறங்கவே இல்ல, சிலதுக்கு இதயத்துல ஓட்டை. வாலும் சுழியும் பாக்க சின்ன விஷயம், ஆனா அது ரெண்டும் வெளிய தெரியுற எச்சரிக்கை, உள்ள இருக்கிறதுதான் உயிரை வாங்குறது.

சொந்தத்துக்குள்ளயே திரும்பத் திரும்பக் கல்யாணம் பண்ணா பிள்ளைக்குப் பிரச்சனை வரலாம்னு டாக்டர் ஏன் சொல்றாங்க? ஒவ்வொருத்தர்கிட்டயும் சில கெட்ட ஜீன் ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும், பக்கத்துல ஒரு நல்ல காப்பி இருக்கிற வரைக்கும் அது வாயைத் திறக்காது. அம்மா அப்பா ரெண்டு பேரும் ஒரே தாத்தா வழின்னா ரெண்டு பக்கமும் அதே கெட்ட காப்பி வந்து சேர வாய்ப்பு கூடுது. பூமாவுக்கு வேற சம்பந்தமே கிடையாது, சுத்தி சுத்தி அண்ணன் தங்கச்சி, அப்பா மகள்தான்.

1995-ல டெக்சாஸ்ல இருந்து 8 பெண் பூமாவைக் கொண்டு வந்து ஃப்ளோரிடாவுல விட்டாங்க. அப்போ இதுக்கு எதிர்ப்பு இருந்துச்சு, ஃப்ளோரிடா பேந்தரோட தனித்தன்மை கெட்டுடும்னு. ஆனா டெக்சாஸ் பூமாவும் ஃப்ளோரிடா பூமாவும் முன்னாடி ஒண்ணோட ஒண்ணு கலந்துக்கிட்டு இருந்ததுதான், நடுவுல இருந்த தொடர்ச்சியை அறுத்தது நாம. அந்த 8-ல 5 குட்டி போட்டுச்சு. கலப்புக் குட்டிங்களுக்கு வால் நேரா இருந்துச்சு, இதயக் கோளாறு குறைஞ்சுது, எண்ணிக்கை மூணு மடங்காச்சு. அஞ்சே அஞ்சு பெண் பூமா! எனக்கு இந்த விஷயத்துல ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். உடம்புல எழுதினதைத் திருத்தவும் முடியுது. ஆனா கவனிக்காம விட்டா இது வேற ஊர்லயும் வரும். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து மலையில, பத்து லேன் ஹைவே ஒண்ணு பூமாக்களோட வழியை அறுத்துப் போட்ட இடத்துல, 2020-ல இதே வளைஞ்ச வாலோட பூமாவைப் பிடிச்சாங்க. 2022-ல அந்த ஹைவேக்கு மேல விலங்கு கடக்க மண்ணும் செடியும் போட்டு ஒரு பாலம் கட்ட ஆரம்பிச்சாங்க.

இதுவரைக்கும் சொன்னது தனிமையால வர்றது. ரெண்டாவது வழி சல்லடை. மனுஷன் சில உடம்பை மட்டும் எடுத்துட்டு, சில உடம்பை விட்டுடுறான்.

வேட்டை விலங்குன்னதும் புலி சிங்கம்னே நினைக்கிறோம், கடல்ல இருக்கிற பெரிய மீனும் வேட்டை விலங்குதான். வட அட்லாண்டிக்ல காட் மீன்னு ஒண்ணு, சின்ன மீன், கணவாய், கிடைச்சதை எல்லாம் விழுங்குற மீன். கனடாவுல நியூஃபவுண்ட்லேண்ட் கரையில நூத்தாண்டு நூத்தாண்டா பிடிச்சாங்க, பெரிய டிராலர், அதாவது இழுவை வலைக் கப்பல், வந்த பிறகு கணக்கில்லாமப் பிடிச்சாங்க, 1992-ல மீனே இல்லாமப் போய் அரசாங்கம் மொத்தமா தடை போட்டுச்சு, பல ஆயிரம் பேருக்கு ஒரே நாள்ல வேலை போச்சு. அந்தத் தடைக்கு முன்னாடி இருந்த வருஷக் கணக்கை எல்லாம் எடுத்துப் பாத்தா, மீன் முன்ன விட சின்ன வயசுல, சின்ன உடம்போட முட்டை வைக்க ஆரம்பிச்சிருக்கு. காரணம் யோசிச்சா புரியும். வலைக்கண்ணுல சின்ன மீன் நழுவிடும், பெரிசு மாட்டும். மெதுவா, பெரிசா வளர்ந்து அப்புறமா முட்டை வைக்கலாம்னு இருக்கிற மீன் முட்டை வைக்கிறதுக்கு முன்னாடியே படகுல ஏறிடுது. சின்னதா இருக்கும்போதே முட்டை வச்சுடுற மீனோட வம்சம்தான் கடல்ல மிஞ்சும்.

பால்டிக் கடல்ல இன்னும் தெளிவா தெரியுது. கத்தாழை மீன் தலையைக் கடிக்கும்போது பல்லுல நறுக்குன்னு ஒரு வெள்ளைக் கல் படும்ல, அது மீனோட காதுக்குள்ள இருக்கிற கல். மரத்தை வெட்டினா வருஷத்துக்கு ஒரு வளையம் தெரியுற மாதிரி அந்தக் கல்லுலயும் வளையம் இருக்கும், அந்த மீன் எந்த வருஷம் எவ்வளவு வளர்ந்துச்சுன்னு அதுல படிக்கலாம். ஜெர்மனியில கடலாராய்ச்சி பண்றவங்க கிழக்கு பால்டிக் காட் மீனோட காதுக்கல்லை 1996-ல இருந்து 2019 வரைக்கும் சேத்து வச்சிருந்ததை எடுத்து வளையத்தையும் படிச்சு, டிஎன்ஏவையும் படிச்சாங்க. மீன் வளரக்கூடிய அளவு ஏறக்குறைய பாதியா குறைஞ்சிருக்கு, கூடவே வளர்ச்சியோட சம்பந்தப்பட்ட ஜீன்களும் ஒரே திசையில நகர்ந்திருக்கு. அதாவது சாப்பாடு குறைஞ்சு மெலிஞ்சதுன்னு மட்டும் சொல்லிட முடியாது, வம்சமே மாறியிருக்கு. 2019-ல மீன்பிடிப்பை நிறுத்திட்டாங்க, ஆனா மீன் பழைய சைஸுக்கு உடனே வரல.

ஏன் வரலைங்கறதுக்கு ஒரு டேங்க் சோதனை உதவும். சில்வர்சைட்னு விரல் நீள மீன், அமெரிக்காவுல ரெண்டு விஞ்ஞானிகள் டேங்க்ல வளர்த்தாங்க. சில டேங்க்ல ஒவ்வொரு தலைமுறையிலயும் பெரிய மீன் 90 சதவீதத்தை எடுத்துட்டாங்க, சில டேங்க்ல சின்ன மீன் 90 சதவீதத்தை எடுத்தாங்க. நாலே தலைமுறையில ரெண்டு டேங்க் மீனுக்கும் எடையில கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வித்தியாசம். அப்புறம் எடுக்கிறதை நிறுத்திட்டு விட்டுப் பாத்தாங்க, திரும்பி வந்துச்சு, ஆனா மெதுவா. முழுசா பழைய நிலைக்கு வர சுமார் 12 தலைமுறை ஆகும்னு கணக்கு. பிடிக்கிற கை வேகமா இழுக்கும், விட்ட பிறகு இயற்கைக்கு அவ்வளவு அவசரம் கிடையாது.

இதுல மனுஷனுக்கும் மத்த வேட்டை விலங்குக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு, அதைச் சொல்லாம தாண்ட முடியல. புலியோ ஓநாயோ சுறாவோ பெரும்பாலும் குட்டி, கிழடு, நோஞ்சான், இதைத்தான் பிடிக்கும், அதுதான் சுலபம். நாம நல்ல வாலிபத்துல இருக்கிற, பெருசா இருக்கிறதையே குறி வைக்கிறோம். 2015-ல வந்த ஒரு உலகளாவிய கணக்குப்படி, வளர்ந்த மீனை மத்த கடல் வேட்டை விலங்குங்க எடுக்கிறதை விட மனுஷன் 14 மடங்கு அதிகமா எடுக்கிறான். பெரிய மாமிச உண்ணிகள் ஒண்ணை ஒண்ணு கொல்றதை விட நாம அதுங்களைக் கொல்றது 9 மடங்கு. இவ்வளவு அழுத்தமா ஒரே பக்கம் இழுத்தா உடம்பு அந்தப் பக்கம் போகாம என்ன பண்ணும்.

சல்லடையை நாம நேரடியா கையில பிடிக்கணும்னு கூட இல்ல. ஆஸ்திரேலியாவுல கரும்புத் தோட்டத்து வண்டைத் தின்னும்னு 1935-ல ஹவாயில இருந்து ஒரு நூறு பெரிய தேரைகளைக் கொண்டு வந்தாங்க. வண்டு குறையல, தேரை கோடிக்கணக்கா பெருகுச்சு, அதுக்குத் தோல்லயும் காதுக்குப் பின்னாடி இருக்கிற சுரப்பியிலயும் கடும் விஷம். அங்க உள்ள பாம்புக்கு இப்படி ஒரு இரையே முன்ன பின்ன பழக்கம் இல்ல, தவளைன்னு நினைச்சு முழுங்கும், செத்துப்போகும். செவ்வயிற்றுக் கரும்பாம்புன்னு ஒண்ணு, அதைத் தேரை வந்து நாளான இடத்துலயும் வராத இடத்துலயும் அளந்து பாத்தா, தேரை இருக்கிற இடத்துப் பாம்புக்கு உடம்போட ஒப்பிட்டா தலை சின்னது, உடம்பு நீளம்.

தலையை ஏன் தேரை சின்னதாக்கணும்? பாம்பு இரையைக் கடிச்சுப் பிச்சுத் தின்னாது, அப்படியே முழுங்கும். அதனால தலை எவ்வளவு விரியுதோ அவ்வளவு பெரிய இரைதான் உள்ள போகும். பெரிய தலைக்காரன் பெரிய தேரையை முழுங்குறான், பெரிய தேரையில விஷம் அதிகம், சாவுறான். சின்னத் தலைக்காரனுக்குச் சின்னத் தேரைதான் வாய்க்குள்ள போகும், அதுல விஷம் கம்மி, உடம்பும் பெருசா இருந்தா அந்த விஷம் பரவி வீரியம் குறையும், பிழைச்சுக்குவான், குட்டி போடுவான். இப்படியே எழுபது வருஷம். எனக்கு இந்த ஆய்வுல நம்பிக்கை வந்த இடம் எதுன்னா, அவங்க நாலு வகைப் பாம்பை அளந்தாங்க. தேரையால சாகக்கூடிய ரெண்டு வகையில மட்டும் மாத்தம் இருந்துச்சு. தேரையைத் தின்னாலும் தாங்கிக்கிற ஒரு வகை, சின்ன வாய் வச்சிருக்கிறதால ஆபத்தே இல்லாத இன்னொரு வகை, இது ரெண்டும் அப்படியே இருந்துச்சு. வெயில், மழைன்னு வேற காரணம் இருந்திருந்தா நாலும் மாறியிருக்கணும்.

மூணாவது வழி கொஞ்சம் குழப்பமானது. ஜீன் மாறாமலே உடம்பு மாறுறது. ஒரே வீட்டு அண்ணன் தம்பி, ஒருத்தன் மூட்டை தூக்குற வேலை, ஒருத்தன் கம்ப்யூட்டர் முன்னாடி, இருபது வருஷம் கழிச்சு தோளைப் பாருங்க. எலும்பும் அப்படித்தான், உழைக்கிற பக்கம் தடிக்கும். 1917-லயே வாஷிங்டன் மிருகக்காட்சி சாலையில ஹாலிஸ்டர்னு ஒருத்தர் இதைக் கவனிச்சு எழுதினாரு. ஆப்பிரிக்காவுல குட்டியா பிடிச்சு கூண்டுல வளர்ந்த சிங்கத்தோட மண்டையோட்டை, காட்டுலயே வளர்ந்த அதே இடத்துச் சிங்கத்தோட வச்சுப் பாத்தா, கூண்டுச் சிங்கத்துக்கு மண்டை அகலமா, வேற மாதிரி இருக்கு, தெரியாதவங்க பாத்தா வேற இனம்னே சொல்லிடுவாங்க. ஒரு தலைமுறைகூட ஆகல. உயிரோட இருக்கிற எருமையைக் கழுத்தால இழுத்துப் போட வேண்டியதில்ல, அதான்.

அதனால ஒரு விலங்கு மாறியிருக்குன்னு பாத்த உடனே பரிணாமம்னு சொல்லிடக் கூடாது. லண்டன் நரி விஷயம் இப்படித்தான் நியூஸ்ல "நரி நாயா மாறுது"ன்னு ஓடுச்சு. 1970-கள் ஆரம்பத்துல லண்டன் நகரத்துலயும் சுத்துக் கிராமத்துலயும் செத்த நரிகளோட மண்டையோடு நூத்துச் சொச்சம் ஸ்காட்லாந்து மியூசியத்துல இருந்துச்சு, அதை அளந்து 2020-ல எழுதினாங்க. நகரத்து நரிக்கு மூக்குப்பகுதி குட்டையா அகலமா, மூளைப்பெட்டி கொஞ்சம் சின்னதா இருந்துச்சு. கிராமத்து நரி எலியைப் பாஞ்சு கவ்வணும், அதுக்கு நீள மூக்கும் வேகமும் வேணும். நகரத்து நரி குப்பையில எலும்பை நொறுக்குறது, அதுக்குக் குட்டையான பலமான தாடைதான் சரி. நாய் ஆகிற வழியில முதல் படி இப்படி இருந்திருக்கலாம்னு யோசிக்க இது உதவும், ஆனா அந்த நரி நரிதான், அதுல எவ்வளவு வம்ச மாத்தம், எவ்வளவு சாப்பாட்டால வந்ததுன்னு மண்டையோட்டை மட்டும் பாத்துச் சொல்லிட முடியாது.

நிறைய இடத்துல ரெண்டும் கலந்துதான் வரும். ஃப்ளோரிடாவுலயே ஒரு பருந்து இருக்கு, கிட்டத்தட்ட நத்தை மட்டும்தான் அதுக்குச் சாப்பாடு, அலகு கொக்கி மாதிரி வளைஞ்சு நத்தை ஓட்டுக்குள்ள விட்டு எடுக்கத் தோதா இருக்கும். சதுப்பு நிலத்தை வடிச்சதுல அந்தப் பருந்து ரொம்பக் குறைஞ்சுபோச்சு. 2004 வாக்குல தென் அமெரிக்காவுல இருந்து மனுஷன் மூலமா வந்த ஒரு நத்தை அங்க பரவுச்சு, ஃப்ளோரிடாவோட சொந்த நத்தையை விட ரெண்டு மூணு மடங்கு பெருசு. பருந்துக் குஞ்சு அதைப் பிடிக்கத் திணறுச்சு, கீழ போட்டுடும். எல்லாரும் பருந்து கதை முடிஞ்சுதுன்னு நினைச்சாங்க. பத்து வருஷத்துக்குள்ள பருந்தோட அலகு சராசரியா 8 சதவீதம் பெருசாச்சு. பெரிய நத்தை நிறைய தின்னதால குஞ்சு நல்லா வளர்ந்தது ஒரு பங்கு, பெரிய அலகோட பொறந்த குஞ்சு முதல் வருஷத்தைத் தாண்டிப் பிழைச்சது இன்னொரு பங்கு. பருந்து எண்ணிக்கையும் ஏறுச்சு. ஆனா இதை வச்சு "விலங்கு எப்படியும் சமாளிச்சுக்கும்"னு யாராவது சொன்னா எனக்குக் கோபம் வரும், ஏன்னா சமாளிக்க முடியாதது எல்லாம் கணக்குல வராமலே போயிடுது.

கடைசியா ஒண்ணு, வம்சத்துக்கும் போகாத, வளர்ச்சியும் இல்லாத மாத்தம், காயம். ஆப்பிரிக்காவுல ஜாம்பியா நாட்டுல லுவாங்வா, காஃபுவே காட்டுல இறைச்சிக்காக மானுக்கு வைக்கிற சுருக்குக் கம்பியில சிங்கம் மாட்டும், கம்பியை வாயால கடிச்சு இழுக்கும், கோரைப்பல்லுல கம்பி அறுத்த தடம் அப்படியே பதியும். மண்டையோட்டையும் போட்டோவையும் வச்சு 2022-ல எண்ணிப் பாத்ததுல, மூணுல ஒரு சிங்கத்துக்கு மேல சுருக்குல மாட்டின அடையாளம், சிறுத்தையில அஞ்சுல ஒண்ணுக்கு. வளர்ந்த ஆண் சிங்கத்து மண்டையோட்டுல நாலுல ஒண்ணுக்கு மேல துப்பாக்கியில இருந்து வந்த பழைய ஈயச் சிதறல் உள்ளயே பொதிஞ்சு கிடந்துச்சு, சுட்டும் சாகாம அதோடயே வேட்டையாடித் திரிஞ்சிருக்கு. அந்தச் சிங்கத்தோட குட்டி நல்ல பல்லோடதான் பொறக்கும். இது வம்சத்துல எழுதுறது இல்ல, ஆனா உயிரோட இருக்கிற உடம்புல எழுதுறது. நம்ம மலைக்காட்டு ஓரத்துலயும் பன்னிக்கு வச்ச சுருக்குல சிறுத்தை இடுப்புல கம்பி இறுகி மாட்டுறதைப் பேப்பர்ல படிக்கிறோம்.

திரும்ப சிமிலிபாலுக்கு வரேன். அங்கயும் ஃப்ளோரிடா வைத்தியம்தான் ஆரம்பிச்சிருக்காங்க. 2024 கடைசியில மகாராஷ்டிராவுல தடோபா காட்டுல இருந்து ஜமுனா, ஜீனத்னு ரெண்டு பெண் புலியைக் கொண்டு வந்து விட்டாங்க. ஜீனத்துக்கு மூணு வயசு இருக்கும். டிசம்பர் 8 வாக்குல அது சிமிலிபாலை விட்டுக் கிளம்பி ஜார்கண்டுக்குள்ள போச்சு, அங்க இருந்து மேற்கு வங்காளத்துல ஜார்கிராம், புருலியா, பாங்குரான்னு மொத்தம் மூணு வாரம் நடந்துச்சு. ஊர் ஊரா ஸ்கூலுக்கு லீவு விட்டாங்க, வனத்துறை ஆளுங்க எருமையைக் கட்டி வச்சு, வலையைக் கட்டி, ராத்திரி பகலா பின்னாடியே போனாங்க. டிசம்பர் 29-ந்தேதி பாங்குராவுல மயக்க ஊசி போட்டுப் பிடிச்சு திரும்பக் கொண்டு வந்தாங்க. மனுஷங்க நடுவுல இப்படி நடந்து கடக்கிற புலிங்க பழைய நாள்ல நிறைய இருந்திருக்கும், அதுங்க நடந்த வழியிலதான் இப்போ ஊர் இருக்கு.

நான் ஞாபகம் வச்சுக்கச் சொன்னதை இப்போ எடுத்துக்கோங்க. கருப்பாக ரெண்டு காப்பியும் மாறியிருக்கணும். தடோபா புலிகிட்ட அந்த மாறின எழுத்து கிடையாது. ஜீனத்தோ ஜமுனாவோ சிமிலிபால்ல ஒரு கருப்பு ஆண் புலியோட சேர்ந்தா, பொறக்கிற எல்லாக் குட்டியும் சாதாரண ஆரஞ்சாத்தான் பொறக்கும், ஒவ்வொண்ணும் உள்ள ஒரு மாறின காப்பியைச் சுமந்துக்கிட்டு. அதனால மாமா, சிமிலிபால்ல இருந்து அடுத்து ஒரு போட்டோ வந்து, அதுல கருப்பு அப்பனுக்குப் பொறந்த குட்டிங்க எல்லாம் நம்ம பாத்த சாதாரண புலிக்குட்டி மாதிரியே இருந்துச்சுன்னா, அதை மறக்காம குரூப்ல போடுங்க.